வலது காலுக்கு நாற்பது விநாடி

குளிர் உடம்புக்குள் இறங்க இறங்க, மனிதன் கடைசியாகக் கற்ற மொழியைத்தான் முதலில் மறக்கிறான். இதைக் கண்டுபிடித்த புண்ணியவான் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் கோவில்பட்டியில் எனக்கு வேலை கிடைத்தது அவரால்தான். உடம்புச் சூடு இரண்டு டிகிரி குறைந்தால் ஆங்கிலம் போய்விடுகிறது. இன்னும் ஒரு டிகிரியில் இந்தியும் போகிறது. கடைசிவரை கூட நிற்பது தாய்மொழி மட்டும். அதனால் இமயத்தில் எங்கிருந்து அபாய அழைப்பு வந்தாலும், 'துணை' என்கிற இயந்திரம் அழைப்பவரின் தாய்மொழியைக் கண்டுபிடித்து, அந்த மொழிக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் ஊருக்குத் திருப்பிவிடும். தமிழுக்குக் கோவில்பட்டி.

நேபாளி மேஜைக்கு ஒரு நாளைக்கு இருபது அழைப்பு வருமாம். எங்களுக்கு வாரம் ஒன்று வந்தால் பெரிது. அதுவும் பெரும்பாலும் தேனிலவுக்குப் போய்க் கையுறையைத் தொலைத்த ஆட்கள்தான். நான் பனியைக் கண்ணால் பார்த்ததில்லை. பயிற்சிக்கு எங்களைத் தூத்துக்குடி உப்பளத்துக்கு அழைத்துப் போனார்கள். ஆளுயர உப்புக் குவியலில் குகை தோண்டி, உள்ளே படுத்துக் காட்டினால் சான்றிதழ். எனக்கு இரண்டு நாள் கை எரிந்தது. பனிக்குகை எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்கு நாக்கில் உப்புதான் கரிக்கும்.

பிப்ரவரி மாதத்து வியாழக்கிழமை. மதியம் ஒன்று நாற்பது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரத்தில் மணி அடித்தது.

"அலோ... ஏனுங்க, ஆராச்சும் இருக்கீங்களா?"

கொங்குக் குரல். பின்னால் காற்றின் ஊளை.

"இருக்கேன் அண்ணாச்சி. கோவில்பட்டியிலேருந்து செண்பகவல்லி பேசுதேன். எத்தன பேரு இருக்கிய?"

"ரெண்டு பேருங்க. நானு சென்னியப்பன், கூட எம்பட மாப்ள நல்லசிவம், தங்கச்சி ஊட்டுக்காரரு. திருச்செங்கோட்டு ரிக்கு வண்டி ஆளுங்க. ஜீப்பு பள்ளத்துல எறங்கிச் சாஞ்சுபோச்சு. கண்ணாடி பூரா ஒடஞ்சு உள்ளயே பனி அடிக்குதுங். மாப்ள வேற நடுங்கிக்கிட்டே இருக்கறாப்ல."

திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டிகள் போகாத ஊர் இந்தியாவில் இல்லை. லடாக்கின் மேட்டுநிலத்தில் பூமிக்கடியில் வெந்நீர் இருக்கிறது, அதைக் குழாயில் எடுத்துக் குளிர்காலத்தில் ஊரையே சூடாக்கலாம் என்று ஒரு திட்டம். அந்தத் துளையைப் போடத்தான் இவர்கள் போயிருந்தார்கள். உதிரிப்பாகம் வாங்கக் கீழே இறங்கும்போது புயல் பிடித்துக்கொண்டது.

என் திரையில் துணை கணக்கை எழுதியது. மீட்பு வண்டி கணவாய்க் காவல் நிலையிலிருந்து கிளம்பிவிட்டது, வந்துசேர நான்கு மணி நேரம். வெட்டவெளியில் இவர்கள் தாங்குவது இரண்டு மணி நேரம். மிச்சம் இரண்டு மணி நேரத்துக்கு நான்தான் பொறுப்பு.

"அண்ணாச்சி, பனியிலயே ஒரு குகை தோண்டி ரெண்டு பேரும் உள்ள போயிரணும்."

"குளுருக்குப் பயந்து குளுருக்குள்ளயே போகச் சொல்றீங்களே அம்மிணி!"

"பனி கம்பளி மாதிரி. காத்த உள்ள விடாது. வெளிய மைனஸ் இருபத்தஞ்சு இருந்தாலும் உள்ள ஜீரோகிட்ட நிக்கும். மம்பட்டி இருக்கா?"

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு கேட்டது. "மம்பட்டி, கடப்பாரை, தார்ப்பாயி, சாக்கு எல்லாம் இருக்குதுங். குழி தோண்டறதுதானுங்க எங்க பொழப்பே."

எனக்குப் பாதி நிம்மதி வந்தது. பத்து நிமிடம் கழித்து, "எந்த அளவுல இருக்கு?" என்று கேட்டேன்.

"இடுப்பு ஆழம் வந்துருச்சுங்க."

"ஆழமா? எந்தப் பக்கமா தோண்டுதிய?"

"கீழதானுங். வேற எங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபது வருடமாகக் கீழ்நோக்கி மட்டுமே துளை போட்ட ஆட்களிடம் தோண்டுங்கள் என்று மொட்டையாகச் சொன்னது என் தப்புதான்.

"கீழ வேண்டாம் அண்ணாச்சி! குளிர்ந்த காத்து கனம். தண்ணி மாதிரி பள்ளத்துல போய்த் தேங்கும், நீங்க அதுக்குள்ள கெடப்பிய. காத்து கொண்டுவந்து குவிச்ச பனிமேடு ஏதும் பக்கத்துல இருக்கா?"

"ஜீப்புக்குப் பின்னால பாறையோரமா இருக்குதுங். ரெண்டு ஆள் ஒசரம்."

"அதுல பக்கவாட்டுல நுழைஞ்சு, மேல ஏறுத மாதிரி தோண்டுங்க. வாசல் கீழ, படுக்கை மேல. உங்க மூச்சுச் சூடு மேலயே நிக்கும், குளிர் வாசல் வழியா இறங்கிப் போயிரும்."

"மாப்ள, கேட்டுக்கிட்டயா? இன்னிக்கு மேல் பக்கமா போர் போடோணுமாம்."

நல்லசிவம் ஏதோ முணுமுணுத்தார். அது வசவு என்று ஊகித்தேன். திட்டத் தெம்பு இருக்கிறவரை கவலை இல்லை.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் நான் வாயை மூடவில்லை. மெதுவாகத் தோண்டுங்கள், வேர்த்தால் அந்த வேர்வையே உறைந்து ஆளைக் கொல்லும். உட்கார்ந்தால் தலைக்கு மேல் ஒரு சாண் இருந்தால் போதும், பங்களா கட்ட வேண்டாம். கூரையை உட்புறம் வழுவழுப்பாகத் தேய்த்துவிடுங்கள், மேடுபள்ளம் இருந்தால் உருகி மேலே சொட்டும். கடப்பாரையால் கூரையில் கைமுட்டி அளவுக்கு ஒரு துளை போடுங்கள், அதை அடிக்கடி குத்திவிடுங்கள், அது அடைபட்டால் மூச்சு முட்டும். அடியில் சாக்கையும் தார்ப்பாயையும் போடுங்கள். மண்வெட்டி உள்ளே இருக்கட்டும். ஒருவர் தூங்கினால் ஒருவர் விழித்திருங்கள். சென்னியப்பன் ஒவ்வொன்றுக்கும் "ஆகட்டுமுங்க" என்றார். எனக்குப் பிடித்த ஆள்.

மூன்று பத்துக்கு, "ஆச்சுங்க அம்மிணி. உள்ள போயிரலாமுங்களா?" என்று கேட்டார்.

"பூட்ஸ் நனைஞ்சிருக்கா?"

"ரெண்டு பேருக்கும் தொப்பலா நனைஞ்சுபோச்சு."

"அப்ப வாசல்லயே கழட்டிட்டு உள்ள போங்க. காஞ்ச சாக்ஸ் மாத்திக்கிட்டு, காலச் சாக்குக்குள்ள விட்டுக்கிடுங்க. உள்ள போனபெறவு பேச்சு எட்டாது. பயப்படாதிய, வண்டி வந்துக்கிட்டிருக்கு."

"சரிங்க. மவராசியா இருங்க."

பேச்சு நின்றது. நான் சாப்பாட்டு டப்பாவைப் பக்கத்தில் இழுத்தேன். ஒரு வாய்கூட வைக்கவில்லை, திரை சிவந்தது.

மலையேற அனுமதி வாங்கும் ஒவ்வொருவருக்கும் அரசாங்கம் ஒரு ஜோடி பூட்ஸ் கொடுக்கிறது. கணுக்கால் பக்கத்தில் நாடியையும் சூட்டையும் பார்க்கும் வில்லை, அதோடு இருக்குமிடம் சொல்லும் சிக்னல். நான்கு பூட்ஸிலும் நாடி பூஜ்யம். சூடு முப்பதிலிருந்து பன்னிரண்டுக்கு வந்தது, அப்புறம் மைனஸ் நான்கு, மைனஸ் பத்தொன்பது. ஒரு மணி நேரம் அப்படியே இருந்தபின், நான்கு பதினைந்துக்குத் துணை எழுதியது: இருவரும் இறந்திருக்க வாய்ப்பு, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது.

கூரை இடிந்துவிட்டது, வேறென்ன? பக்கவாட்டில் தோண்டு, மேலே தோண்டு என்று பனியையே பார்க்காத நான் சொல்லச் சொல்ல அவர்கள் தோண்டி, கடைசியில் அது அவர்கள் மேலேயே விழுந்துவிட்டது. ஜெபசிங் சாரைக் கூப்பிட்டேன்.

எங்கள் மேற்பார்வையாளர் ஜெபசிங் நாசரேத்துக்காரர். அதிர்ந்து பேசாத மனிதர். துணை என்னதான் தீர்ப்புச் சொன்னாலும், ஒரு மனிதன் ஒப்புதல் கொடுத்தால்தான் அது மரணம். அந்த மனிதன் தமிழ் மேஜையில் அவர்தான். வந்து திரையைப் பார்த்தார். இரண்டு நிமிடம் நின்றார். பிறகு பொத்தானில் கை வைத்தார்.

"சார், கொஞ்சம் பொறுக்கலாமே. வண்டிதான் பாதி வழி வந்துட்டே?"

"ஏ செண்பகா, ரெண்டு வருசத்துக்கு முன்னால இப்படித்தான் பொறுத்தேன். செத்துக் கெடந்த ஒருத்தரத் தேடிப் போன மூணு மீட்பு ஆளுங்க பனிச்சரிவுல போயிட்டாங்க. அந்த மூணு வீட்டுக்கும் நான்தான் பேசினேன். உயிரோட இருக்கிறவன வச்சு செத்தவனத் தேடக் கூடாது பிள்ள. இந்த இயந்திரத்த வச்சிருக்கதே அதுக்குத்தான்."

அழுத்தினார். உடனே இரண்டு காரியங்கள் தாமாக நடந்தன. மீட்பு வண்டிக்குத் திரும்பிப் போகும்படி உத்தரவு போனது. திருச்செங்கோட்டில் கோகிலவாணி என்ற பெண்ணின் கைபேசிக்கு இரண்டு குறுஞ்செய்திகள் போயின. கணவன் இறந்ததாக ஒன்று, அண்ணன் இறந்ததாக ஒன்று.

முகம் கழுவலாம் என்று வெளியே வந்தேன். எங்கள் கூடத்தில் இயந்திரங்களுக்குத் தூசி ஆகாது என்பதால் செருப்பு வாசலோடு சரி. பதினோரு ஜோடி கிடந்தது. என் செருப்பு யாருடையதற்கோ அடியில் மாட்டியிருந்தது. கண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு இடது காலை நுழைத்தேன். வலதைத் தேடி எடுத்து நுழைப்பதற்குள் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இரண்டையும் உதறிவிட்டு உள்ளே ஓடினேன்.

"சார்! சென்னியப்பனுக்கு நாடி எப்ப நின்னுருக்கு, பாருங்க. இடது கால் மூணு பதிமூணு, பத்து விநாடிக்கு. வலது கால் அம்பது விநாடிக்கு. நாப்பது விநாடி வித்தியாசம்."

"அதுக்கென்ன?"

"மனுசனுக்கு நெஞ்சு ஒண்ணுதான சார்? அது நின்னா ரெண்டு காலும் ஒண்ணாத்தான நிக்கணும்? நல்லசிவத்துக்கும் பாருங்க. வலது மொத, இடது அம்பத்தஞ்சு விநாடி கழிச்சு. கை வெறச்சுப்போயிருக்கும், கயித்த அவுக்க அம்புட்டு நேரம் ஆயிருக்கு. பூட்ஸக் கழட்டி வாசல்ல வச்சுட்டு உள்ள போயிருக்காக சார். நான்தான் சொன்னேன்."

"பனியில எவம்மா பூட்ஸ வெளிய விடுவான்?"

"நாம விடுவோம் சார்."

அவர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு தன் வெறுங்காலைப் பார்த்தார்.

எங்கள் கையேடு இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஈர பூட்ஸைக் கழற்றச் சொல்லி அதில் இருக்கிறது. கழற்றியதை உள்ளே எடுத்துப் போகச் சொல்லி எங்கும் இல்லை. கழற்றிய பூட்ஸ் குகைக்குள் ஜீரோகிட்ட நிற்கும், மைனஸ் பத்தொன்பது என்றால் காலோடு வெளியே கிடக்கிறது என்பதுதான் துணையின் கணக்கு. படுக்கையறை வரைக்கும் பூட்ஸோடு நடக்கிற நாட்டில் எழுதிய கையேடு அது. பூட்ஸை வாசலில் விடுகிற ஒரு ஜாதி மனிதர்கள் உண்டு என்று அதை எழுதியவருக்கும் தோன்றவில்லை, துணைக்குக் கற்றுக்கொடுத்தவருக்கும் தோன்றவில்லை. உள்ளே எடுத்துப் போங்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டும் என எனக்கும் தோன்றவில்லை. கழற்றச் சொன்னால் போதும், வைக்கிற இடம் நமக்கெல்லாம் தெரிந்ததுதானே.

ஜெபசிங் ஒப்புதலைத் திரும்பப் பெறப் பார்த்தார். துணையில் அதற்கு வழியே இல்லை. செத்தவர் எழுந்து வருவதற்கு யாரும் பொத்தான் வைக்கவில்லை. செத்தவர்களைத் தேடி வண்டியை அனுப்பவும் துணை மறுத்தது. அவர் ரேடியோவை எடுத்து, ஓட்டுநரை நேரடியாகக் கூப்பிட்டார். ஸ்டான்சின் நம்கியால் என்று பெயர். லடாக்கி. இருவருக்கும் பொது மொழி அரைகுறை இந்தி.

வண்டி திரும்பி இருபது நிமிடம் ஆகிவிட்டது, காற்று மோசம், இருட்டப் போகிறது, தவிர அவர்கள் இறந்துவிட்டதாக இயந்திரம் சொல்கிறதே என்றார் ஸ்டான்சின்.

"நான் உத்தரவு போடவில்லை. போட முடியாது," என்றார் ஜெபசிங். "நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான். அவர்கள் பூட்ஸை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போயிருக்கிறார்கள் என்று நினைக்கிறோம்."

"எங்கள் வீட்டிலும் அப்படித்தானே சார்," என்றார் ஸ்டான்சின். "பூட்ஸோடு நுழைந்தால் என் மனைவி சோறு போட மாட்டாள். வண்டியைத் திருப்பிவிட்டேன்."

இனி இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். எனக்குக் கோகிலவாணியின் நினைவு வந்தது. உறுதியாகத் தெரியாமல் நம்பிக்கை கொடுப்பது பாவமா, தெரியும்வரை அழ விடுவது பாவமா? ஜெபசிங்கிடம் கேட்டேன். அவர் அந்தப் பெண்ணின் எண்ணை எடுத்துக் கொடுத்தார். நானே போன் செய்துவிட்டேன்.

"ரெண்டு மெசேஜும் வந்துச்சுங்க," என்றார் அந்தப் பெண். அழுகை இல்லாத குரல். அதுதான் பயமாக இருந்தது. "எதை மொதல்ல படிக்கறதுன்னே தெரீலீங்."

"அக்கா, ரெண்டு பேரும் உசுரோட இருக்காகன்னு நான் நினைக்கேன்."

"நெனைக்கறீங்களா, தெரியுமுங்களா?"

"நினைக்கேன். கண்ணால பாக்கல."

"அப்ப போனை வெச்சுப்போடாதீங்க. தெரியற வரைக்கும் பேசிக்கிட்டே இருங்க."

பேசினேன். பூட்ஸ் கதையைச் சொன்னேன். அதைக் கழற்றச் சொன்னது நான்தான் என்றும் சொன்னேன். குகை எத்தனை பெரிது என்று கேட்டார். இரண்டு பேர் ஒட்டிப் படுக்கிற அளவு என்றேன்.

"அய்யோ, அவிய ரெண்டு பேரும் ஒரே ரூம்புல படுக்க மாட்டாங்களே. எங்கண்ணன் கொறட்டை லாரி ஏத்தம் ஏர்றாப்ல இருக்கும். எங்கூட்டுக்காரரு பொங்கலுக்கு வந்தப்பக்கூட தலகாணியத் தூக்கிட்டு மொட்டை மாடிக்குப் போயிட்டாரு."

சொல்லிவிட்டு அப்போதுதான் அழுதார். நானும் அழுதேன். பக்கத்து மேஜைக்காரி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

ஆறு முப்பத்தைந்துக்கு ரேடியோ கரகரத்தது. ஸ்டான்சின் மூச்சிரைக்கப் பேசினார். அந்தப் பகுதி முழுக்க ஒரே வெள்ளை, ஜீப்கூடப் பாதி மூடிவிட்டது, கைக்கருவி பூட்ஸின் சிக்னலைப் பிடித்த திசையில் நடந்தாராம். பூட்ஸும் குகைக்குள் இருந்திருந்தால் பனிச்சுவர் சிக்னலை விழுங்கியிருக்கும், பாறையோரம் முழுக்கக் குத்திக் குத்திப் பார்க்க விடிந்திருக்கும் என்று ஜெபசிங் பின்னால் சொன்னார்.

"நான்கு பூட்ஸ்," என்றார் ஸ்டான்சின். "ஜோடி ஜோடியாக, மூக்கு வெளிப்பக்கம் பார்க்க வைத்திருக்கிறது. மேலே பனி விழுந்து குல்லா போட்ட மாதிரி இருக்கிறது. இருங்கள், மேட்டில் ஒரு துளை தெரிகிறது. உள்ளே ஏதோ சத்தம். இயந்திரம் ஓடுகிற மாதிரி."

நான் கைபேசியை ரேடியோவின் ஒலிபெருக்கியோடு ஒட்டிப் பிடித்தேன். ஸ்டான்சின் தன் ரேடியோவை அந்தத் துளைமேல் வைத்திருப்பார் போல. கர்ர்ர் என்று ஏறி, ஒரு கணம் நின்று, புஸ்ஸென்று இறங்கியது.

"எங்கண்ணனுங்க!" என்று கோகிலவாணி கத்தியது கூடம் முழுக்கக் கேட்டது. "அய்யோ, எங்கண்ணந்தானுங்க!"

"இன்னொருத்தர்?" என்று கேட்டேன்.

துளைக்குள்ளிருந்து ஒரு கடப்பாரை நுனி மேலே வந்ததாம். அதன் பின்னாலேயே எரிச்சலான ஒரு குரல் ரேடியோவில் கேட்டது. "ஆருங்க அது மேல நின்னுக்கிட்டு? கூரை எறங்கிப்போகும், அந்தப் பக்கமா வாங்க. மச்சான், எந்திரிங்க, வண்டி வந்துருச்சு. மூணு மணி நேரமா ஒரு பொட்டு தூங்க உட்டீங்களா?"

கூடத்தில் பதினோரு பேரும் கை தட்டினோம். நான் டப்பாவைத் திறந்து, காலையில் கட்டிவந்த புளிச்சோற்றை ஒரு பருக்கை விடாமல் தின்று தீர்த்தேன்.

மறுநாள் காலையில் சீக்கிரமே போய்விட்டேன். ஜெபசிங் எனக்கு முன்பே வந்திருந்தார். முந்தின நாள் சட்டையே போட்டிருந்தார். திரையில் பழைய பதிவுகள்.

"உக்காரு பிள்ள," என்றார். "நான் பேரு வாசிக்கேன். நீ ரெண்டு காலுக்கும் நேரம் வாசி. எனக்குத் தனியா பாக்கத் தைரியம் இல்ல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான்கு குளிர்காலத்தில் அவர் கைவைத்து ஒப்புதல் கொடுத்த தீர்ப்புகள். எத்தனை என்று நான் கேட்டதில்லை. மொத்தம் பத்தொன்பது.

முதல் பெயரை வாசித்தார். இடது, ஐந்து இருபத்திரண்டு, எட்டு விநாடி. வலது, ஐந்து இருபத்திரண்டு, எட்டு விநாடி. அடுத்த பெயர். இரண்டு காலும் ஒரே விநாடி. அடுத்தது. ஒவ்வொரு பெயருக்கும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் எண்ணைச் சொன்னதும் திறந்தார். பதினோராவது ஆளுக்கு வலது கால் எண் வர இயந்திரம் கொஞ்சம் தாமதித்தது. அந்த மூன்று விநாடியில் அவர் மேஜை விளிம்பைப் பிடித்த பிடியில் நகம் வெளுத்தது. எண் வந்தது. ஒரே விநாடி.

பதினேழு பெயரும் முடிந்தன. பதினேழு பேரும் இரண்டு காலோடும் ஒன்றாகத்தான் போயிருந்தார்கள். அவர்களுக்காக வருத்தப்பட வேண்டிய நேரத்தில் எங்களுக்கு வந்தது நிம்மதி. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் வந்தது.

மிச்சம் இரண்டு பெயர். துணையில் திருத்த வழி இல்லாததால் சென்னியப்பனும் நல்லசிவமும் இன்னும் அந்தப் பட்டியலில்தான் இருந்தார்கள். லே ஆஸ்பத்திரியில் இட்லி இல்லை என்று அந்த நேரத்தில் குறைபட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர்.

"நாப்பது விநாடி," என்று வாசித்தேன். "அம்பத்தஞ்சு."

ஜெபசிங் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப நான் கொன்னது ரெண்டே ரெண்டு பேரத்தான்," என்றார். "ரெண்டு பேரும் உசுரோட இருக்காங்க."